காமா பயில்வான்

காமா பயில்வான் (மே 22, 1878 – மே 23, 1960) என்று பரவலாக அறியப்படும் குலாம் முகம்மது பக்ஷ் பட், பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த புகழ்பெற்ற மற்போர் வீரர் ஆவார். பெருங்காமா என்றும் அழைக்கப்பட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்த தமது மற்போர் வாழ்வில் எவரிடமும் தோற்காதவர் என்று இவரைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன. 1910ஆம் ஆண்டு இலண்டனில் உலக வாகையருக்கான ஜான் புல் இடைவாரைப் பெற்றார். நாடு திரும்பிய பின்னர் இந்தியாவின் தலைசிறந்த மற்போர் வீரருக்கு வழங்கப்படும் ருஸ்தம்-இ-ஹிந்த் என்னும் பட்டத்தை வென்றார். 1947ஆம் ஆண்டின் பிரிவினைக்குப் பின் பாக்கிஸ்தானின் லாகூர் நகரில் வாழ்ந்து அங்கேயே காலமானார்.

காமாவின் வாழ்க்கை தனியொரு வீரரின் வாழ்க்கை மட்டும் அன்று. தந்தை, தாய்வழிப் பாட்டனார், தம்பி, தம்பியின் மக்கள், அவர்களின் மக்கள் எனத் தொடர்ந்து மற்போரையே தொழிலாகக் கொண்ட குடும்பம் இவருடையது. இந்தக் கட்டுரை அக்குடும்பத்தையும் சேர்த்தே கூறுகிறது.

சொற்கள்

தமிழில் மற்போர் என்பது பழைய சொல். சங்க காலத்தில் சோழர் குடியினனான போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயர் அதிலிருந்தே வந்தது. ஆனால் இன்று பேச்சு வழக்கில் உள்ள குஸ்தி, பயில்வான், தண்டால், பஸ்கி போன்ற சொற்கள் வடக்கிலிருந்து வந்தவை. பாரசீக, இந்துத்தானி வழியாக இவை தமிழில் நுழைந்தன. பயில்வான் என்பது பகல்வான் என்ற சொல்லின் தமிழ் வடிவம். மற்போர் பயிலும் மண்குழியை வடநாட்டார் அகாடா என்பர். தமிழ்நாட்டில் அதனைக் கோதா என்பது வழக்கம்.

குடும்பப் பின்புலம்

காமா பஞ்சாபின் அமிர்தசரசு மாவட்டத்தில் உள்ள ஜப்போவால் என்னும் சிற்றூரில் பிறந்ததாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பிறந்த ஆண்டு குறித்து நூல்களிடையே வேறுபாடு உண்டு எனினும் 1878 என்பதே பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. இவரது முன்னோர் காசுமீரத்திலிருந்து பஞ்சாபுக்குக் குடிபெயர்ந்த முசுலிம்கள்.

தந்தை முகம்மது அசீசு பக்ஷ் ஒரு மற்போர் வீரர். தற்போதைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ததியா சமத்தானத்தின் ஆதரவைப் பெற்றவர். அக்காலத்தில் மன்னர்கள் யானை, குதிரை, பாடகர், புலவர் ஆகியோரைப் போலவே மற்போர் வீரர்களையும் அரண்மனைச் செலவில் வைத்துக் காத்தனர். ஒரு சமத்தானத்தின் பயில்வான் மற்றொரு சமத்தானத்தின் பயில்வானை வீழ்த்தினால் அது மன்னருக்கே கிடைத்த வெற்றியாகக் கருதப்பட்டது. நாள்தோறும் பாலும் நெய்யும் பாதாமும் தேவைப்படும் இந்தக் கலையை, இத்தகைய ஆதரவு இல்லாமல் எளிய குடும்பத்தினர் தொழிலாகக் கொள்வது அரிது. மற்போர் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சமத்தான ஆதரவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. அதனுடன் பிடிகளும் பயிற்சி முறையும் சென்றன.

காமாவுக்கு ஆறு வயதளவில் இருக்கும்போது தந்தை இறந்தார். தாய்வழிப் பாட்டனாரான நூன் பயில்வான் சிறுவனை வளர்த்தார். சிறிது காலத்தில் அவரும் மறைந்தார். அதன்பின் உறவினரான ஈதா என்னும் மற்போர் வீரர் பொறுப்பேற்று, காமாவுக்கு முதன்முதலில் முறையான பயிற்சி அளித்தார். காமாவின் தம்பியான இமாம் பக்ஷும் இதே வழியில் வளர்க்கப்பட்டார். தந்தையை இழந்த சிறுவனை உறவினர்கள் மாறி மாறிக் கோதாவிலேயே வைத்து வளர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது. வேறு தொழிலைக் கற்பிப்பது பற்றி அக்குடும்பத்தில் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

யோத்பூர் போட்டி

காமாவின் பெயர் முதன்முதலில் வெளியில் தெரிந்தது 1888ஆம் ஆண்டில். யோத்பூர் மன்னர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களை அழைத்து, உடல் வலிமைப் போட்டி ஒன்றை நடத்தினார். நானூறுக்கும் மேற்பட்டோர் கலந்து கொண்டனர். இது மற்போர்ப் போட்டி அன்று. பஸ்கி முதலிய கடும் பயிற்சிகளைத் தளராமல் நெடுநேரம் செய்பவர் யார் என்று கண்டறியும் போட்டி. பத்து வயதுச் சிறுவனான காமா இறுதியில் எஞ்சிய பதினைந்து பேருள் ஒருவனாக நின்றான். சிறுவனின் வயதைக் கருதி மன்னர் அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்தார். அவன் அன்று செய்த பஸ்கிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் கூறப்படுகிறது. அதனை எண்ணியவர் யார் என்பது எந்த நூலிலும் இல்லை.

இதன் பின்னர் ததியா மன்னர் தந்தைக்கு அளித்த ஆதரவை மகனுக்கும் அளித்தார். காமாவின் பயிற்சி அங்குத் தொடர்ந்தது.

பயிற்சியும் உணவும்

காமாவின் அன்றாடப் பயிற்சி குறித்துப் பல செய்திகள் வழங்குகின்றன. நாளொன்றுக்கு மூவாயிரம் தண்டால், ஐயாயிரம் பஸ்கி, அத்துடன் நாற்பது வீரர்களுடன் அடுத்தடுத்து மற்போர் என்பது பெரும்பாலான நூல்களில் காணப்படும் கணக்கு. பத்து லிட்டர் பால், அரை லிட்டர் நெய், பாதாம் அரைத்துக் கலந்த பானம், ஆட்டிறைச்சி, கோழி, கூடை நிறையப் பழங்கள் என்று உணவுப் பட்டியலும் நீள்கிறது. இவ்வெண்களை அப்படியே ஏற்பது கடினம். பயில்வான்களைப் பற்றிய கதைகளில் எண்கள் வளர்வது இயல்பு. எனினும் மிகைப்படுத்தலை நீக்கிப் பார்த்தாலும், சிறு வயது முதல் நாள் தவறாத கடும் பயிற்சியும் அதற்கு ஈடான உணவும் இவருக்குக் கிடைத்தன என்பதில் ஐயம் இல்லை.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஒன்றும் உண்டு. கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி செய்வதற்காகக் காமா பயன்படுத்திய வளையம் ஒன்று பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன் எடை 95 கிலோகிராம். வடோதரா அருங்காட்சியகத்தில் 1,200 கிலோகிராம் எடையுள்ளதாகக் கூறப்படும் ஒரு கல் உள்ளது. 1902ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று காமா அதனைத் தூக்கினார் என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நவீன எடைதூக்கும் போட்டிகளின் உச்ச அளவுகளை அறிந்தவர்கள், அக்கல்லை முழுமையாகத் தலைக்கு மேல் தூக்கியிருக்க இயலாது என்பதை உணர்வர். தரையிலிருந்து சற்றுப் பெயர்த்து நகர்த்தியிருக்கலாம் என்று கொள்வதே பொருத்தம்.

ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா

1895ஆம் ஆண்டில் பதினேழு வயதான காமா, அப்போது இந்தியாவின் முதன்மை வீரராக விளங்கிய ரகீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்கொண்டார். ரகீம் பக்ஷும் காசுமீரக் குடும்பத்தைச் சேர்ந்தவரே, குஜ்ரான்வாலாவைச் சேர்ந்தவர். நடுவயதை எட்டிய அவருடைய உயரம் ஏழு அடிக்குச் சற்றே குறைவு. காமாவின் உயரமோ ஐந்து அடி ஏழு அங்குலம். பார்வையாளர்கள் இளைஞர் விரைவில் வீழ்வார் என்றே எதிர்பார்த்தனர். போட்டி நெடுநேரம் நீடித்து, வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இந்திய மற்போரில் எதிரியின் முதுகும் இரு தோள்களும் மண்ணில் படும்படி வீழ்த்தினால்தான் வெற்றி. புள்ளிக் கணக்கு இல்லை. இருவரும் விழாவிட்டால் மணிக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இத்தகைய முறையில், தம்மைவிட ஓரடிக்கும் மேல் உயர்ந்தவரிடம் வீழாமல் நின்றதே பெரிய செய்தியாகப் பரவியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் பெயர்பெற்ற வீரர்கள் அனைவரையும் காமா வென்றார். ரகீம் பக்ஷுடன் மீண்டும் மோதியபோதும் முடிவு சமநிலையாகவே இருந்தது.

இலண்டன், 1910

இந்திய வீரர்கள் ஐரோப்பியருடன் மோதுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1892இல் கல்கத்தாவுக்கு வந்த ஆங்கிலேய வீரர் டாம் கேனனைக் கரீம் பக்ஷ் வீழ்த்தினார். 1900இல் குலாம் என்னும் பெரும் வீரர் பாரிசு சென்றார். ஆயினும் ஐரோப்பியப் பத்திரிகைகள் இந்திய மற்போரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1910ஆம் ஆண்டில் வங்காளச் செல்வந்தர் சரத் குமார் மித்ராவின் பொருளுதவியுடன் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் இங்கிலாந்து சென்றனர். ஆர். பி. பெஞ்சமின் என்பவர் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்பவராக உடன் இருந்தார். இலண்டனில் நடைபெறவிருந்த உலகப் போட்டியில் கலந்து கொள்வதே நோக்கம். ஆனால் உயரம் குறைவு என்பதால் காமாவுக்கு அப்போட்டியில் இடம் மறுக்கப்பட்டது.

இதனால் காமா பொது அறைகூவல் ஒன்றை விடுத்தார். எந்த எடையினராயினும் மூன்று வீரர்களை முப்பது நிமிடங்களுக்குள் வீழ்த்துவதாக அறிவித்தார். முதலில் எவரும் இதனை நம்பவில்லை. விளம்பரத் தந்திரம் என்றே கருதினர். பின்னர் குறிப்பிட்ட இருவரின் பெயரைச் சொல்லியே அழைத்தார். ஒருவர் போலந்தைச் சேர்ந்த இசுடானிசுலாசு சிபிசுகோ. மற்றவர் அப்போதைய உலக வாகையரான அமெரிக்கர் பிராங்க் காட்ச். காட்ச் இறுதிவரை காமாவுடன் மோதவே இல்லை. காமாவை மறுக்க முடியாத உலக வாகையர் என்று சொல்வதற்கு உள்ள ஒரே தடை இதுதான். அத்தடைக்குக் காமா பொறுப்பல்லர்.

முதலில் முன்வந்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலர். இவர் மருத்துவம் படித்தவர். ஆகத்து மாதத்தில் நடந்த அப்போட்டியில் காமா இவரை முதல் முறை ஒரு நிமிடம் 40 நொடிகளிலும், இரண்டாம் முறை 9 நிமிடம் 10 நொடிகளிலும் வீழ்த்தினார். தம்பி இமாம் பக்ஷ் சுவிட்சர்லாந்தின் ஜான் லெம் என்பவரைச் சில நிமிடங்களிலேயே தோற்கடித்தார். இவ்வெற்றிகளுக்குப் பின் காமாவை ஒதுக்கி வைக்க இயலவில்லை. சிபிசுகோவுடன் மோதும் வாய்ப்புக் கிடைத்தது. வெல்பவருக்கு 250 பவுண்டும் ஜான் புல் இதழின் பெயரால் வழங்கப்படும் இடைவாரும் பரிசு.

1910ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இலண்டனின் செப்பர்ட்சு புசு விளையாட்டரங்கில் போட்டி நடந்தது. முதல் நிமிடத்திலேயே காமா சிபிசுகோவைக் கீழே தள்ளினார். காமாவைவிட மிகுந்த எடையுடைய சிபிசுகோ அதன்பின் எழுந்து போரிட முயலவில்லை. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, உடலைத் தாழ்த்திக் கொண்டு தற்காத்து நின்றார். அவரைப் புரட்டிப் போடக் காமா எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. மண்குழியில் பழகியவருக்குத் துணி விரித்த மெத்தை புதிது என்பதையும் இங்குக் கருத வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி 35 நிமிடங்கள் இந்நிலை நீடித்தது. பார்வையாளர்கள் சலிப்படைந்து கூச்சலிட்டனர். இறுதியில் போட்டி சமநிலை என்று அறிவிக்கப்பட்டு, மறுவாரம் தொடர்வதென முடிவானது.

செப்டம்பர் 17 அன்று காமா அரங்குக்கு வந்தார். சிபிசுகோ வரவில்லை. இடைவார் காமாவுக்கு வழங்கப்பட்டது.

இந்தியாவில் இச்செய்தி பெரும் மகிழ்ச்சியை உண்டாக்கியது. வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்திருந்த காலம் அது. இந்தியர் உடல் வலிமை அற்றவர்கள் என்ற ஆட்சியாளர்களின் பேச்சு நாள்தோறும் கேட்கப்பட்ட காலமும் அதுவே. அரசியல் எதுவும் பேசாத ஒரு பயில்வானின் வெற்றி, அப்பேச்சுக்கு விடையாக மக்களால் கொள்ளப்பட்டது. காமா தாமே இவ்வாறு எண்ணியிருந்தாரா என்பதைவிட, பிறர் அவ்வாறு எண்ணினர் என்பதே வரலாற்றில் முக்கியமானது.

ருஸ்தம்-இ-ஹிந்த்

இங்கிலாந்திலிருந்து திரும்பிய சிறிது காலத்தில் அலகாபாத்தில் ரகீம் பக்ஷ் சுல்தானிவாலாவுடன் காமா மீண்டும் மோதினார். நெடுநேரம் நடந்த அப்போட்டியில் இம்முறை காமா வென்று, ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டத்தைப் பெற்றார். ருஸ்தம் என்பது பாரசீகக் காவியமான சாநாமாவில் வரும் பெருவீரனின் பெயர். தம் வாழ்நாளில் தாம் எதிர்கொண்டவர்களுள் மிக வலியவர் ரகீம் பக்ஷ்தான் என்று காமா பின்னாளில் கூறியதாக அறியப்படுகிறது. 1916இல் பண்டித் பித்து என்னும் மற்றொரு பெயர்பெற்ற வீரரை வென்றார். 1922இல் இந்தியா வந்திருந்த வேல்சு இளவரசர் காமாவுக்கு வெள்ளியாலான கதாயுதம் ஒன்றைப் பரிசளித்தார்.

பாட்டியாலா, 1928

சிபிசுகோவுக்கும் காமாவுக்கும் இடையே முடியாமல் நின்ற கணக்கு பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் சிபிசுகோ அமெரிக்காவில் 1921இலும் 1925இலும் உலக வாகையர் பட்டத்தை வென்றிருந்தார். ஆகவே 1928இல் இந்தியா வந்த சிபிசுகோ, 1910இல் இலண்டனில் இருந்தவரைவிடப் புகழில் பெரியவர். ஆனால் இருவரும் ஐம்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தனர்.

பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் போட்டிக்கு ஏற்பாடு செய்தார். சனவரி மாதத்தில் நடந்த இப்போட்டியைக் காண ஏறத்தாழ 40,000 பேர் திரண்டனர். மன்னர்கள் பலர் வந்திருந்தனர். இம்முறை மெத்தை இல்லை, மண்ணில் போட்டி. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. காமா சிபிசுகோவை மல்லாத்தி வீழ்த்தினார். நொடிக்கணக்கு நூலுக்கு நூல் மாறுபட்டாலும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது என்பதில் எல்லோரும் உடன்படுகின்றனர். இலண்டனில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தும் பயன் பெறாதவர்கள் யாரேனும் பாட்டியாலாவுக்கு வந்திருந்தால், இம்முறை இருக்கையில் அமர்வதற்குள் போட்டி முடிந்திருக்கும்.

1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெசி பீட்டர்சன் என்பவரை ஒன்றரை நிமிடத்தில் வென்றார். அதன்பின் காமாவுடன் மோத முன்வருபவர்கள் அருகினர். முறைப்படி ஓய்வு பெற்றது 1952இல் என்றாலும், உண்மையில் இதுவே அவரது இறுதியான பெரிய போட்டி.

இல்வாழ்க்கை

காமாவுக்கு ஐந்து ஆண் மக்களும் நான்கு பெண் மக்களும் பிறந்தனர். ஆண் மக்கள் ஐவரும் இளமையிலேயே இறந்தனர். இறுதியாக எஞ்சிய சலாலுத்தீன் 1945இல் தமது பதின்மூன்றாம் வயதில் காலமானார். இச்சாவு காமாவைப் பெரிதும் வாட்டியது. சில நாட்கள் இவரால் பேசவும் இயலவில்லை என்று கூறப்படுகிறது.

தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் கலையில், நாட்டிலேயே தலைசிறந்தவரிடமிருந்து பெற்றுக்கொள்ள மகன் இல்லாமல் போனது. காமாவின் கலை தம்பி இமாம் பக்ஷின் மக்களிடம் சென்றது. மன்சூர் உசைன் என்ற இயற்பெயர் கொண்ட போலு, அசுலம், அக்ரம், அசம், கோகா ஆகியோரே அவர்கள். இவர்கள் போலு சகோதரர்கள் என அறியப்பட்டனர்.

பிரிவினையும் இறுதிக் காலமும்

1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது காமாவின் குடும்பம் லாகூரில் குடியேறியது. காமா வாழ்ந்த மோகினி சாலைப் பகுதியில் இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. கலவரக் கும்பல் ஒன்று அங்கு வந்தபோது காமா தம் சீடர்களுடன் தெருவில் நின்று அதனைத் தடுத்தார் என்றும், முன்னால் வந்த ஒருவனை அறைந்து வீழ்த்தியதும் ஏனையோர் விலகினர் என்றும், பின்னர் அக்குடும்பங்களைச் செலவுக்குப் பொருள் கொடுத்து எல்லை வரை பாதுகாப்பாக அனுப்பி வைத்தார் என்றும் அறியப்படுகிறது. இச்செய்தி பெரிதும் குடும்பத்தினர் வழியாகவும் அப்பகுதி மக்கள் வழியாகவும் வந்தது. அப்போது காமாவுக்கு வயது அறுபத்தொன்பது.

பிரிவினை இவருடைய தொழிலின் அடித்தளத்தையும் அகற்றியது. பாட்டியாலாவும் ததியாவும் எல்லைக்கு அப்பால் இருந்தன. இந்தியாவுடன் இணைந்த சமத்தானங்கள் தம் தனி ஆட்சியை இழந்தன. பயில்வான்களைக் காத்த அரண்மனைகள் இரு நாடுகளிலும் மெல்ல மெல்ல அந்நிலையை இழந்தன. பாக்கிஸ்தான் அரசு காமாவுக்குச் சிறிது நிலமும் மாத உதவித் தொகையும் அளித்தது. ஆனால் நோய்வாய்ப்பட்ட முதியவருக்கு அது போதவில்லை. தாம் வென்ற பரிசுப் பொருள்களை விற்க நேர்ந்ததாகவும் கூறப்படுகிறது. இவரது நிலை இந்தியாவில் தெரியவந்தபோது தொழிலதிபர் கன்சியாம் தாசு பிர்லா 2,000 ரூபாயும் மாதம் 300 ரூபாய் உதவித் தொகையும் அனுப்பினார். மற்போரில் ஆர்வம் கொண்டிருந்த பிர்லா, எல்லை கடந்து இதனைச் செய்தார்.

1960ஆம் ஆண்டு மே 23 அன்று, தமது எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு அடுத்த நாள், காமா லாகூரில் காலமானார்.

மற்போர்க் குடும்பம்

போலு 1949இல் கராச்சியில் யூனுசு என்பவரை வென்று பாக்கிஸ்தானின் முதன்மை வீரரானார். 1950களில் இச்சகோதரர்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்று கிங்காங் போன்றோருடன் மோதினர். கிங்காங், தாராசிங் ஆகியோரின் பெயர்களைத் தமிழ்நாட்டின் பழைய தலைமுறையினர் நன்கு அறிவர். ஆனால் அதே காலத்தில் போலு சகோதரர்களின் பெயர் இங்கு அவ்வளவாகப் பரவவில்லை. எல்லை ஒரு காரணமாக இருக்கலாம்.

இக்காலத்தில் மற்போரின் தன்மை மாறிக்கொண்டிருந்தது. மண்குழி போய்க் கயிறு கட்டிய மேடை வந்தது. முடிவு முன்னரே பேசி வைக்கப்பட்ட காட்சிப் போட்டிகள் பெருகின. 1976 டிசம்பரில் அக்ரம் கராச்சியில் சப்பானியரான அந்தோனியோ இனோக்கியுடன் மோதினார். அது காட்சியாக முடியவில்லை. அக்ரமின் கை முறுக்கப்பட்டுக் காயமடைந்ததால் அவர் தோற்றார். காமாவின் குடும்பத்துக்கு இது பெரும் தலைகுனிவாகக் கருதப்பட்டது. அதனை ஈடுசெய்ய அசுலமின் மகனான சுபைர் என்னும் சாரா, பதின்ம வயதிலேயே பயிற்சியில் இறக்கப்பட்டார். 1979இல் லாகூரில் சாராவும் இனோக்கியும் மோதினர். ஐந்து சுற்றுகளின் முடிவில் எவரும் வீழவில்லை. இனோக்கி தாமே சாராவின் கையை உயர்த்திப் பிடித்தார். சாரா 1991இல், முப்பது வயதளவிலேயே இறந்தார். சகோதரர்களுள் ஒருவரான கோகா 1981இல் போட்டிக் களத்திலேயே உயிரிழந்தார். போலு 1985இல் மறைந்தார்.

குடும்ப வழியாக மற்போர் தொடர்வது இந்தியத் துணைக்கண்டத்துக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவின் குகா குடும்பத்தில் பாட்டனார் அம்பு குகா தொடங்கிய மரபில் வந்த கோபர் குகா, 1921இல் அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவில் அட் சாண்டல் என்பவரை வென்றார். மெக்சிக்கோவில் எல் சாந்தோ என்னும் முகமூடி வீரரின் மகன், சாந்தோவின் மகன் என்ற பொருள் தரும் பெயரையே சூடி அதே வெள்ளி முகமூடியுடன் மேடை ஏறினார். அந்நாட்டில் மற்போர்க் குடும்பங்களைச் சேர்ந்தோர் மட்டும் கலந்து கொள்ளும் தனிப் போட்டித் தொடர்களும் நடத்தப்பட்டுள்ளன. சென்னைக்கு வந்தால், வடசென்னையின் குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என வழங்கியவை இதனை ஒத்தவை. அவை குருதி உறவை விட ஆசிரியர் வழியைச் சார்ந்தவை என்பது வேறுபாடு. தோற்றால் தோற்றவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பது இரண்டுக்கும் பொது.

நினைவு

காமாவின் பெண் மக்கள் வழி வந்தவர் குல்சூம் நவாசு. இவர் மூன்று முறை பாக்கிஸ்தானின் தலைமை அமைச்சராக இருந்த நவாசு செரீப்பின் மனைவி. 2018இல் காலமானார். தற்காப்புக் கலை வீரரும் நடிகருமான புரூசு லீ, காமாவின் பயிற்சி முறையைப் பற்றிப் படித்து அதிலிருந்து சில பயிற்சிகளைத் தாமும் மேற்கொண்டார் என்று கூறப்படுகிறது. காமாவின் தண்டால், மேனாட்டு முறையைப் போல உடலை நேராக ஏற்றி இறக்குவது அன்று. இடுப்பை உயர்த்தித் தொடங்கி, மார்பைத் தரையை ஒட்டி முன்னே செலுத்தி, தலையை நிமிர்த்தி எழுவது. தமிழ்நாட்டின் உடற்பயிற்சிச் சாலைகளில் கர்லாக்கட்டை சுழற்றும் பழக்கத்துடன் இம்முறைத் தண்டாலும் இன்றுவரை கற்பிக்கப்படுகிறது.

2022ஆம் ஆண்டு மே 22 அன்று, காமாவின் 144ஆம் பிறந்தநாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் இவரது ஓவியத்தை வெளியிட்டது. கையில் வெள்ளிக் கதாயுதத்துடன் காமா அதில் காட்சி தருகிறார்.